சுவிட்ச்: ஆளியா, நிலைமாற்றியா, மடைமாற்றியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சுவிட்ச் வரும் இடமெல்லாம் 'நிலைமாற்றி' என்றே எழுதிவிடலாம் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலத்தில் ஒரு சொல் பத்து வேலை பார்க்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல் அந்தப் பத்தையும் சுமக்க வேண்டியதில்லை. சுவரில் இருக்கும் சுவிட்ச் செய்கிற வேலை வேறு, அலுவலக நெட்வொர்க் சுவிட்ச் செய்கிற வேலை வேறு. பெயர் வைப்பதற்கு முன்னால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

முதலில் சுவரில் இருப்பது. இரண்டு உலோக முனைகள்; தொட்டால் மின்னோட்டம் உண்டு, விலகினால் இல்லை. அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் முனைகள் விலகும் கணத்தில் இடையில் தீப்பொறி பாய்கிறது. மெதுவாக விலக்கினால் பொறி நீடித்து முனைகளை அரித்துவிடும். அதனால்தான் உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. விரல் எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் முனைகள் 'டக்'கென்று விலகும். நம் வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் பொறி தானாக அணையவும் வழி கிடைக்கிறது. நேர்திசை மின்னோட்டத்தில் அந்த வழி இல்லை. நேர்திசை மின்னோட்டம் தரும் சோலார் பேனலிலிருந்து வரும் இணைப்பில் சாதாரண வீட்டு சுவிட்சைப் போடக் கூடாது என்பது இதனால்தான்.

ஆக, இந்தச் சிறு பொருளின் வேலை மின்னோட்டத்தை ஆள்வது. ஓடு என்றால் ஓடும், நில் என்றால் நிற்கும். இதற்கு இலங்கைப் பாடநூல்களில் 'ஆளி' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'சாவி' என்று பார்த்திருப்பீர்கள். ஆய்வகத்தில் செருகி எடுக்கும் பித்தளைச் சாவிக்கு அது பொருந்தும், சுவர் சுவிட்சுக்குப் பொருந்தாது. 'விசை' என்றால் இயற்பியல் மாணவருக்கு வேறு பொருள், விசைப்பலகையில் இன்னொரு பொருள். 'சொடுக்கி' எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் மவுசைச் சொடுக்குவது என்று கணினிப் பக்கம் அதை எடுத்துக்கொண்டாகிவிட்டது. 'நிலைமாற்றி' நீளம் என்பது மட்டும் குறையில்லை. வாசல் மணியின் சுவிட்ச் கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. அது எந்த நிலையை மாற்றிவைத்தது?

ஆளிக்கு வரும் மறுப்பும் தெரிந்ததுதான். சங்கப் பாட்டில் யானையைத் தாக்கும் விலங்கு அது, நாட்டு மருந்துக் கடையில் ஆளிவிதை இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும். மின்சுற்றுப் படத்தைப் பார்த்து யாரும் ஆளிவிதையை நினைக்கப்போவதில்லை. முதலாளி, பயனாளி என்று வாயில் பழகிய ஒலி. ஒட்டுச் சேர்க்கவும் வளைந்து கொடுக்கிறது. மணி சுவிட்சை அழுத்தாளி என்றும், தொட்டால் போதும் என்றிருப்பதைத் தொடு ஆளி என்றும் சொல்லலாம்.

கணினிக்குள் போனாலும் ஆளி அப்படியே கூட வரும். 1937-ல் அமெரிக்கப் பொறியாளர் கிளாட் ஷானன் தன் முதுகலை ஆய்வேட்டில் காட்டியது இதுதான்: இரண்டு ஆளிகளைத் தொடர் இணைப்பில் வைத்தால் 'இதுவும் அதுவும்', பக்க இணைப்பில் வைத்தால் 'இதுவோ அதுவோ'. உண்மை, பொய் என்ற இரண்டை மட்டும் வைத்துக் கணக்கிடும் பூலியன் இயற்கணிதம் முழுவதையும், மின்காந்தத்தால் இயங்கும் ஆளிகளான ரிலேக்களைக் கொண்டே செய்துவிடலாம். 1947-ல் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் வந்தது. பிறகு அசையும் முனையே இல்லாமல் போனது, வேலை மாறவில்லை. இன்றைய சில்லுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களும் ஆளிகளே. சுவர் சுவிட்சும் டிரான்சிஸ்டரும் ஒரே இனம் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெயரிலேயே புரிந்தால் அது பெரிய உதவி.

இன்னொன்றும் உண்டு. ஆளியை ஒரு முறை அழுத்தினால் முனைகள் ஒரே தொடலில் நிற்பதில்லை, சில மில்லிநொடிகள் துள்ளித் துள்ளித்தான் அமர்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது. கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிச் சில்லான மைக்ரோகண்ட்ரோலர் அதைப் பல அழுத்தல்களாக எண்ணிவிடும். நிரலில் கொஞ்சம் பொறுத்து மறுபடி படிக்கச் சொல்வார்கள். இதை 'துள்ளல் நீக்கம்' என்று எழுதலாம்.

இப்போது அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச். இங்கே நிறுத்துவதும் ஓடவிடுவதும் முக்கியமில்லை. முன்பு இதே வேலைக்கு இருந்த ஹப் என்ற கருவி ஒரு துளையில் வந்ததை மற்ற எல்லாத் துளைக்கும் அனுப்பியது. சுவிட்ச் அனுப்புநரின் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவியின் அடையாள எண்ணைப் பார்த்து, எந்தத் துளையில் யார் என்று தானே ஒரு பட்டியல் போட்டுக்கொள்கிறது. அப்புறம் ஒவ்வொரு சட்டகத்தையும் (தரவுத் துண்டையும்) உரிய துளைக்கு மட்டும் திருப்பிவிடுகிறது. பெறுநரின் முகவரி அந்தப் பட்டியலில் இல்லையென்றால்தான் எல்லாப் பக்கமும் அனுப்பும். வயலில் ஒரு வாய்க்காலை அடைத்து அடுத்ததற்குத் தண்ணீரைத் திருப்புவதை மடை மாற்றுவது என்பார்கள். அந்த வேலைதான் இது. ஆகவே இதற்கு 'மடைமாற்றி' என்று முன்மொழிகிறேன். மேடைப் பேச்சில் பிரச்சினையைத் திசைதிருப்புவதற்கும் மடைமாற்றம் என்கிறார்கள், உண்மை. நல்ல சொல்லை அதற்காக விட்டுவிட மனமில்லை.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சும் இந்தப் பக்கம்தான். 1892-ல் அமெரிக்காவின் லா போர்ட் ஊரில் ஸ்ட்ரோஜரின் தானியங்கி எக்ஸ்சேஞ்ச், ஆபரேட்டர் கையால் செய்த மடைமாற்றத்தை இயந்திரத்திடம் கொடுத்தது. 1960-களில் பால் பாரனும் டொனால்ட் டேவிஸும் தனித்தனியே யோசித்த, தரவைச் சிறு பொதிகளாகப் பிரித்து அனுப்பும் பாக்கெட் முறையைப் 'பொதி மடைமாற்றம்' எனலாம்.

ஆளியையும் மடைமாற்றியையும் பிரிக்கும் கோடு மின்சாரத்துக்கும் கணினிக்கும் நடுவில் போகிறது என்று நினைக்க வேண்டாம். மாடிப்படியில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இருக்கும் டூவே சுவிட்சைக் கழற்றிப் பாருங்கள். மூன்று முனை இருக்கும். மின்னோட்டத்தை இந்தக் கம்பிக்கோ அந்தக் கம்பிக்கோ திருப்புகிறதே ஒழிய, அதற்கென்று ஆன், ஆஃப் கிடையாது. ஈபி போனால் ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சின் முக்கிய வேலையும் திருப்புவதுதான். இரண்டும் மடைமாற்றியே.

ஒரு எச்சரிக்கை. மடை திறந்தால் தண்ணீர் வரும். மின்சுற்று திறந்தால் மின்சாரம் வராது. 'திறந்த சுற்று', 'மூடிய சுற்று' என்று படிக்கும் பிள்ளைகள் ஏற்கெனவே குழம்புகிறார்கள். ஆளியைப் பற்றி எழுதும்போது திறப்பு, மூடல் வேண்டாம். 'ஆளி இணைந்திருக்கும்போது', 'ஆளி விலகியிருக்கும்போது' என்று எழுதுவோம்.

மீதியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். சி நிரல்மொழியின் சுவிட்ச் கட்டளை பல கிளைகளில் ஒன்றைத் தேர்கிறது, 'தேர்' போதும். கட்டளை வரியில் சிறுகோடு போட்டு எழுதும் சுவிட்சுக்குத் 'தெரிவு'. இயக்குதளம் ஒரு பணியை நிறுத்திவைத்து அடுத்ததை எடுப்பது 'சூழல் மாற்றம்'. கடையில் போய் ஆறு ஆம்பியர் சுவிட்ச் கேட்கும்போது சுவிட்ச் என்றே கேட்போம், அதை யாரும் தடுக்கவில்லை. நான் கேட்பது பாடநூலிலும் கையேட்டிலும் ஆளியும் மடைமாற்றியும் தனித்தனியாக நிற்க வேண்டும் என்பதுதான். மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.