ஓடுறதுக்கு முன்னாடி வாழைப்பழமா, பின்னாடியா? தொடை வலி தாங்கல

கிரவுண்ட்பையன்_திண்டுக்கல்:
வணக்கம் அண்ணா, அக்கா எல்லாருக்கும். போலீஸ் கான்ஸ்டபிள் (பிசி) வேலைக்கான பிசிக்கல் டெஸ்டுக்கு ரெடி ஆயிட்டு இருக்கேன், 1500 மீட்டர 7 நிமிஷத்துல முடிக்கணும், நான் இன்னும் 7.20லயே நிக்கிறேன். காலைல 5 மணிக்கு கிரவுண்டுக்குப் போனா 6.30 வரைக்கும் ஓட்டம், அப்புறம் கயிறு ஏறுறது. மறுநாள் தொடையும் கெண்டைக்கால் சதையும் கல்லு மாதிரி இறுகிக்குது, படி இறங்க முடியல. கூட ஓடுறவன் புரோட்டீன் பவுடர் வாங்குடாங்கறான், அவ்ளோ காசு வீட்டுல கேக்க மனசு வரல. அப்பா சிறுமலை வாழைப்பழம் வாங்கிட்டு வருவாரு, அது எப்பவும் இருக்கும். அத எப்ப சாப்பிடணும், வலிக்கு அது போதுமா?

கயிறு_ஏறினவன்:
தம்பி நானும் இதே 1500ல ஒரு தடவ கோட்டை விட்டவன், அடுத்த தடவ தான் பாஸ். முதல் தடவ பயத்துல ஓடுறதுக்கு 10 நிமிஷம் முன்னாடி 3 பழம் முழுங்கிட்டுப் போனேன், மூணாவது ரவுண்டுல விலாவுல பிடிச்சுக்கிச்சு. 7 நிமிஷ ஓட்டத்துக்கு உடம்புல ஏற்கனவே இருக்கற சக்தியே தாராளம், பழம் உன்ன வேகமா ஓட வைக்காது. ஆனா நீ தினம் ஒன்றரை மணி நேரம் வெறும் வயித்துல போறல்ல, அதுக்கு எந்திரிச்ச உடனே நல்லா பழுத்த சின்ன பழம் 1, கொஞ்சம் தண்ணி, அவ்ளோதான். செங்காயா இருந்தா வேணாம், ஸ்டார்ச் அதிகம், மெதுவா தான் செரிக்கும்.

சத்துணவு_அக்கா:
தம்பி, ஓடும்போது தசைல சேத்து வெச்ச கிளைகோஜன்ங்கற சர்க்கரைச் சத்து குறையும், பழத்துல இருக்கற சர்க்கரை அத திரும்ப நிரப்பும். அதனால முடிச்ச அரை மணி நேரத்துக்குள்ள 2 பழம் கண்டிப்பா சாப்பிடு. 2012ல அமெரிக்காவுல அப்பலாச்சியன் ஸ்டேட் யுனிவர்சிட்டில 14 சைக்கிள் வீரர்கள 75 கிமீ ஓட்டச் சொல்லி, ஒரு தடவ வாழைப்பழம், ஒரு தடவ ஸ்போர்ட்ஸ் டிரிங்க்னு குடுத்துப் பாத்தாங்க, நேரத்துல வித்தியாசம் இல்ல. ஆனா பழம் தசைய கட்டாதுப்பா. ஒரு பழத்துல புரோட்டீன் 1 கிராம் சொச்சம் தான். நைட்டே கொண்டைக்கடலை ஊறப்போடு, காலைல அவிச்சு 2 கை, கூட 2 முட்டை, முட்டை ஆகாதுன்னா ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. பவுடருக்கு அலைய வேணாம்.

மாரத்தான்_மாமா:
அக்கா சொன்னது சரி. வேர்வைல, வாழைப்பழத்துல இருக்கற பொட்டாசியத்த விட உப்பு தான் ரொம்பப் போகும், வெயில் காலத்துல வாழைப்பழம் மட்டும் தின்னுட்டு கால் இழுத்துக்குதுன்னு வர்ற பசங்கள நிறைய பாத்துட்டேன், அதனால ஓடி முடிச்சிட்டு உப்பு போட்ட மோரோ எலுமிச்சை ஜூஸோ குடிங்க, தர்பூசணி கெடச்சா உப்பு தூவி சாப்பிடுங்க, அதுல 90 சதவீதத்துக்கு மேல தண்ணி தான். நெட்ல புளிப்பு செர்ரி ஜூஸ் குடிச்சா வலி போகும்னு வரும். 2010ல மாரத்தான் ஓடினவங்ககிட்ட பாத்தப்போ தசை பலம் சீக்கிரம் திரும்புனது உண்மை, ஆனா அவங்க ஓட்டத்துக்கு 5 நாள் முன்னாடியே குடிக்க ஆரம்பிச்சவங்க, நம்மூர்ல அதோட விலை கட்டுப்படியாகாது. கொய்யா சாப்பிடுங்க, ஆரஞ்ச விட விட்டமின் சி பல மடங்கு. மாத்திரையா அள்ளிப் போடாதீங்க, டோஸ் அதிகமானா டிரெய்னிங்கோட பலனையே குறைக்க வாய்ப்பிருக்கு. அப்புறம் தம்பி, வாரம் 7 நாளும் ஓடுறீங்களா?

கிரவுண்ட்பையன்_திண்டுக்கல்:
ஆமா மாமா, 7 நாளும். லீவு விட்டா பின்னாடி போயிடுவேனோன்னு பயம்.

மாரத்தான்_மாமா:
அங்க தான் வலி. வேகமா ஓடுறது வாரத்துல 2 நாள் போதும், 1 நாள் முழு ரெஸ்ட், மத்த நாள் பேசிக்கிட்டே ஓடுற வேகம். 3 வாரம் இப்படி ஓடிட்டு டைமிங்க இங்க வந்து போடுங்க.

கிரவுண்ட்பையன்_திண்டுக்கல்:
சரி மாமா. அக்கா, கொண்டைக்கடலை இப்பவே ஊறப்போட்டுட்டேன்.