லங்காவியா, பஸ்ஸல்டனா? போய்ட்டு வந்தவங்க கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம் மக்களே. அடுத்த வருஷம் இந்த ரெண்டுல ஒரு ஊர்ல என் முதல் முழு அயர்ன்மேன் போட்டி: 3.8 கி.மீ. நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம். பயிற்சி முழுக்க ஈசிஆர்லதான். எனக்குத் தெரிஞ்ச ஒரே மேடு மேம்பாலம்!

மலேசியாவோட லங்காவி வெக்கை நமக்குப் பழகினதுதான். ஆனா அந்த ஏற்ற இறக்கத்துக்கு 11-28 கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) தாங்குமா, 11-32 மாத்தணுமா?

ஆஸ்திரேலியாவோட பஸ்ஸல்டன் தட்டையான ரோடு, காத்துதான் பயமுறுத்துது. 1.8 கி.மீ. நீள மரப்பாலத்தைச் சுத்தி நீந்தணும், வெட்சூட் (உடம்போட ஒட்டின ரப்பர் நீச்சல் உடை) வேற. போன வாரம் கடன் வாங்கின ஒண்ணைக் கோவளத்துல போட்டுப் பார்த்தேன். கழுத்துல உரசித் தோலே வழண்டு போச்சு. வாஸ்லின் தடவினா போதுமா, இல்ல அளவே தப்பா?

பிளைட்ல சைக்கிள் கொண்டுபோனவங்க, பின்பக்க டிரெயிலியரை (கியர் மாத்துற பாகம்) கழட்டித்தான் பேக் பண்ணீங்களா?