புதுப்பிப்பு: 10 + 5 = 105 சிக்கல் தீர்ந்தது, காலிப் பெட்டியில் மாட்டினேன்

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: பில் பக்கத்தில் இரண்டு பெட்டிகளில் 10, 5 என்று அடித்தால் கூட்டுத்தொகை 105 என்று வருகிறது, ஏன்? இன்புட் பெட்டியின் மதிப்பு ஜாவாஸ்கிரிப்டுக்கு ஸ்ட்ரிங்தான் (எண் அல்ல, வெறும் எழுத்துத் தொடர்; அதனால் + இரண்டையும் ஒட்டிவிடுகிறது), ஒவ்வொன்றுக்கும் முன்னால் யூனரி பிளஸ் (மதிப்பை எண்ணாக மாற்றும் ஒற்றை + குறி) போடுங்கள் என்றீர்கள். போட்டேன், 15 வந்தது. சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் கூட்டல் +, இரண்டாவது மதிப்பின் முன்னால் வரும் + இரண்டையும் இடைவெளி விடாமல் ஒட்டி எழுதியிருந்தேன். ஜாவாஸ்கிரிப்ட் அதை ++ (மதிப்பை ஒன்று கூட்டும் வேறொரு குறி) என்று படித்து சின்டாக்ஸ் எரர் தந்தது. அடைப்புக்குறி போட்டதும் சரியாகிவிட்டது.

நேற்றுதான் பெரிய விஷயம். ஒருவர் அளவுப் பெட்டியைக் காலியாக விட்டு சேவ் கொடுத்தார், பில் 0 ரூபாய்க்குப் பதிவாகிவிட்டது. +"" என்றால் 0. உள்ளே வெறும் ஸ்பேஸ் இருந்தாலும் 0. நான் நேன் (NaN, அதாவது 'எண் அல்ல' என்ற மதிப்பு) வருகிறதா என்று மட்டுமே சோதித்திருந்தேன். ஆனால் "1,250" என்று கமாவோடு அடித்தால் நேன்தான் வருகிறது.

அதற்காக பார்ஸ்ஃப்ளோட்டுக்கு (parseFloat, ஸ்ட்ரிங்கின் தொடக்கத்திலிருந்து எண்ணைப் படிக்கும் ஃபங்ஷன்) மாறலாமா என்று பார்த்தேன். அது கமாவில் நின்று 1 என்று தருகிறது! தப்பான தொகை சத்தமில்லாமல் உள்ளே போவதை விட நேன் எவ்வளவோ மேல். அதனால் பிளஸையே வைத்துக்கொண்டேன்: ட்ரிம் செய்து (முன்னும் பின்னும் உள்ள ஸ்பேஸை நீக்கி), காலியா என்று பார்த்து, கமாக்களை எடுத்துவிட்டு, அப்புறம்தான் +.

பிக்இன்ட் (BigInt, மிகப் பெரிய முழு எண்களுக்கான வகை) பயன்படுத்துபவர்கள் கவனியுங்கள், அதற்கு முன்னால் + போட்டால் டைப்எரர் (வகை பொருந்தாத பிழை) வரும். அங்கே நம்பர் ஃபங்ஷன்தான் (Number()) வழி.