கிட்டார் ஆம்ப் உறுமுகிறது, வாசித்தால் சத்தம் இல்லை – அவசர உதவி

மூணாவதுஃப்ரெட்:
வணக்கம். என் கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) நன்றாகத்தான் இருந்தது. இன்று ஆன் செய்தால் பெரிதாக உறுமுகிறது, கிட்டார் சத்தமே வரவில்லை. சனிக்கிழமை கல்லூரியில் நிகழ்ச்சி. கெபாசிட்டர் மாற்றினால் சரியாகுமா? சால்டரிங் அயர்ன் இருக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

ஈயப்புகை:
டியூபா, டிரான்சிஸ்டரா? எத்தனை வாட்? வால்யூமைக் குறைத்தால் உறுமல் குறைகிறதா? மல்டிமீட்டர் இருக்கிறதா?

கோவைசவுண்டு:
பவர் சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்தான், சந்தேகமே வேண்டாம். மேலே உப்பியிருக்கும் பாருங்கள். 4700 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் இரண்டு வாங்கிப் போடுங்கள்.

பழையவால்வு:
உப்பாமலும் கெபாசிட்டர் போகும், உப்பிய கெபாசிட்டர் வேலையும் செய்யும். தம்பி, மாடலைக்கூடச் சொல்லாமல் "எதை மாற்றட்டும்" என்று கேட்பவர் பெட்டியைத் திறக்கவே கூடாது. முதலில் ஓம் விதியைப் படித்துவிட்டு வாருங்கள்.

மேடைமணி:
எர்த் லூப்பாக இருக்கும், அதாவது இரண்டு வழியில் எர்த் சேர்ந்து வரும் உறுமல். பிளக்கின் மூன்றாவது பின்னைக் கழற்றிவிட்டால் உறுமல் நிற்கும். நாங்கள் கோயில் திருவிழா மேடைகளில் அப்படித்தான் செய்வோம்.

ஈயப்புகை:
மணி அண்ணே, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். கிட்டார் கம்பி கேபிள் வழியாக ஆம்பின் சேஸிஸோடு, அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தோடு, சேர்ந்திருக்கிறது. உள்ளே ஒரு வயர் விலகி சேஸிஸைத் தொட்டால், எர்த் இருக்கும்வரை ஃப்யூஸ் போகும். எர்த்தை எடுத்துவிட்டால் 230 வோல்ட் விரலுக்கு வரும். அந்த நேரத்தில் உதடு மைக்கில் பட்டால் ஆளே போய்விடுவார்.

மேடைமணி:
இத்தனை வருடத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே. பாதி மேடைகளில் எர்த்தே கிடையாது.

பழையவால்வு:
எர்த் இல்லாத மேடையில் வாசிக்க மாட்டேன் என்று சொல்லிப் பழகுங்கள். ஜெனரேட்டர்காரரை எர்த் கம்பி அடிக்கச் சொல்வது உங்கள் உரிமை.

மூணாவதுஃப்ரெட்:
டிரான்சிஸ்டர் ஆம்ப், 30 வாட், 8 ஓம் ஸ்பீக்கர். வால்யூமை ஜீரோவில் வைத்தாலும் அதே உறுமல். ஆன் செய்ததும் ஸ்பீக்கர் கோன் (அதிரும் காகிதக் கூம்பு) முன்னே தள்ளி அப்படியே நிற்கிறது. முதலில் 1 ஆம்பியர் ஃப்யூஸ் போனது. கடையில் 5 ஆம்பியர் கொடுத்தார்கள், அதைப் போட்ட பிறகுதான் உறுமல். மீட்டர் இருக்கிறது.

ஈயப்புகை:
உடனே பிளக்கைப் பிடுங்கு. கோன் தள்ளி நின்றால் ஸ்பீக்கருக்கு டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) போகிறது என்று அர்த்தம். 8 ஓம் ஸ்பீக்கரின் காயிலை மீட்டரில் அளந்தால் 6 ஓம் பக்கம்தான் காட்டும். 25 வோல்ட் டிசி வந்தால் நூறு வாட்டுக்கு மேல் அத்தனையும் காயிலில் சூடாகிறது. பெரும்பாலும் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட். 5 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் கருகும்வரை அது போகாது. பழைய ஃப்யூஸின் மூடியில் எழுதியிருந்த அளவே வேண்டும், 'டி' எழுத்து இருந்தால் ஸ்லோ டைப்.

திறக்கும்போது பிளக் வெளியே இருக்கட்டும். ஆம்ப் சுவிட்சை மட்டும் ஆஃப் செய்தால் ஃப்யூஸ் ஹோல்டரில் கரண்ட் இருக்கலாம். பிளக்கை எடுத்த பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும், அதனால் பெரிய கெபாசிட்டர் ஒவ்வொன்றின் இரு கால்களுக்கும் குறுக்கே 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை பிளையரால் பிடித்து ஐந்து விநாடி வை. பிறகு மீட்டரில் 1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பார். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதே.

ஸ்பீக்கர் வயரைக் கழற்று. ஹீட்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இருக்கும் டிரான்சிஸ்டர்களில் கலெக்டர், எமிட்டர் என்ற இரு கால்களுக்கும் இடையே ஓம் அளந்து பார். ஒரு ஓமுக்குக் கீழே காட்டினால் அதுதான் போனது. மாற்றும்போது ஜோடியாக மாற்று. கரண்ட் ஹீட்சிங்குக்குப் போகாமல் தடுக்க, அடியில் இருக்கும் மைக்கா தாளும் ஸ்க்ரூவின் புஷ்ஷும் முக்கியம். மாட்டியபின் டிரான்சிஸ்டரின் உலோக முதுகுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே மீட்டர் பீப் அடிக்கக் கூடாது.

கோவைசவுண்டு:
கெபாசிட்டரையும் கையோடு மாற்றிவிடலாம் என்பதே என் கருத்து.

ஈயப்புகை:
அளக்காமல் வேண்டாம். தம்பி, முதல்முறை ஆன் செய்யும்போது நேராகச் சொருகாதே. 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடு, ஆம்புக்குப் போகும் கரண்ட் பல்பு வழியாகவே போகட்டும்; வயரிங் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் சீரிஸ் போர்டு இருக்கும். பல்பு ஒரு நொடி எரிந்து மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. எல்இடி பல்பு இதற்கு ஆகாது.

பழையவால்வு:
அதோடு அவுட்புட்டின் எமிட்டரில் இருக்கும் ரெசிஸ்டரையும், அவுட்புட்டை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அவுட்புட் தனியாகப் போவது அபூர்வம்.

மேடைமணி:
எர்த் இல்லாத இடத்தில் கம்பி அடிக்க என்ன கேட்க வேண்டும்? எங்கள் ஜெனரேட்டர்காரரிடம் பேசிப் பார்க்கிறேன்.

மூணாவதுஃப்ரெட்:
ஒரு டிரான்சிஸ்டர் 0.3 ஓம் காட்டியது. ஜோடி மாற்றி, 1 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டேன். பல்பு மங்கியது, ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி வெறும் 14 மில்லிவோல்ட். இப்போது வாசிக்கிறது. நன்றி அண்ணா.

பழையவால்வு:
டிரைவரை அளந்தீர்களா? எமிட்டர் ரெசிஸ்டர் எத்தனை ஓம் காட்டியது?