தேங்காய் எண்ணெய் தேய்த்த சீட்டும் ஊட்டிக் குளிரும்

நாலுசக்கரம் (கோவை):

போன தீபாவளிக்கு முன்னால் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். 2014 மாடல், உள்ளே சந்தன நிற லெதர் சீட். வண்டி நன்றாகத்தான் இருந்தது. டிரைவர் சீட் மட்டும் பழைய சட்டைக் காலர் மாதிரி அழுக்கேறி, ஓரத்தில் வெளிறிப் போயிருந்தது. கடையில் சீட் கிளீனர், கண்டிஷனர் என்று இரண்டு பாட்டிலுக்கு விலை கேட்டேன். கேட்டதோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் தாத்தா புதுச் செருப்பு வாங்கினால் முதல் வேலையாக விளக்கெண்ணெய் தடவித் திண்ணையில் வைப்பார். காலையில் செருப்பு மெத்தென்று ஆகியிருக்கும், காலைக் கடிக்காது. தோல் என்றால் எண்ணெய் என்று சின்ன வயதிலேயே மனதில் பதிந்துவிட்டது. பாத்திரம் கழுவும் திரவத்தைப் போட்டுச் சீட்டை நன்றாகத் தேய்த்தேன், துடைத்தேன், காய்ந்ததும் கால் லிட்டர் தேங்காய் எண்ணெயை ஐந்து சீட்டுக்கும் பங்கு வைத்தேன். சீட் மினுமினுவென்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆனது. படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் மாமனார் வெள்ளை வேட்டியோடு ஏறினார். இறங்கும்போது வேட்டியின் பின்பக்கத்தில் சீட்டின் தையல் வரி அப்படியே படிந்திருந்தது. மனுஷன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை ஏறும்போது கையோடு ஒரு துண்டு கொண்டு வந்தார்.

அதைவிடப் பெரிய கூத்து டிசம்பரில் நடந்தது. குடும்பத்தோடு ஊட்டி போனோம். ராத்திரி வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, காலையில் கதவைத் திறந்தால் சீட் முழுக்க வெள்ளை வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. பூஞ்சை என்று வீட்டம்மா பயந்துவிட்டாள். விரலால் சுரண்டி முகர்ந்து பார்த்தால் தேங்காய் எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும். மார்கழியில் பாட்டிலோடு உறைவதை வருடா வருடம் பார்க்கிறவன்தான் நான். சீட்டிலும் உறையும் என்பது மட்டும் உறைக்கவில்லை. சீட்டில் காற்று வருவதற்கென்று பொடிப்பொடியாக ஓட்டை இருக்கிறதே, ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் புள்ளி.

இப்போது வெயில் வந்துவிட்டது. காறல் வாடை அடிக்கிறது, தையலுக்குள் பிஸ்கட் தூள் ஒட்டிக்கொண்டு எறும்பு வருகிறது. வீட்டுப் பொருளை வைத்து லெதர் சீட்டைத் துடைத்தவர்கள் என்ன செய்தீர்கள், எது உருப்பட்டது, எது கெட்டது என்று சொல்லுங்கள். இந்த எண்ணெயை எப்படி எடுப்பது என்றும் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

சாம்பார்வாளி (மதுரை):

அண்ணா, உங்களுக்கு எண்ணெய், எங்களுக்குச் சாம்பார். பையனின் டிபன் கேரியர் பின்சீட்டில் சாய்ந்துவிட்டது. எங்களதும் வெளிர் நிறச் சீட்தான். வழித்தெடுத்துத் துடைத்ததில் பருப்பெல்லாம் போய்விட்டது, மஞ்சள் மட்டும் போகவில்லை. துணி சோப்பைக் குழைத்துப் போட்டேன். அவ்வளவுதான், மஞ்சளாக இருந்த கறை கண்ணெதிரே சிவப்பாக மாறியது. ஏதோ ரத்தக்களரி நடந்த வண்டி மாதிரி இருந்தது. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்குமே, அதே சங்கதிதான் என்பது அப்புறம்தான் புரிந்தது. சோப்பிலும் காரம்தானே இருக்கிறது. தண்ணீரில் நனைத்த துணியால் நாலைந்து தடவை சோப்பை ஒற்றி எடுத்ததும் மறுபடி மஞ்சளுக்கு வந்தது.

சீட்டின் மேல்பக்கம் ஈரத்துணிக்கே முக்கால்வாசி போய்விட்டது. தையல் நூல்தான் பிடித்து வைத்துக்கொண்டது. எங்கள் அம்மா, "மஞ்சள் வெயிலுக்கு நிற்காதுடி, விட்டுத் தள்ளு" என்றார். காலை வெயில் அந்தப் பக்கக் கண்ணாடி வழியாக விழுகிற மாதிரி வண்டியைத் திருப்பி நிறுத்தினோம். ஒன்றரை வாரத்தில் தேடினால்தான் தெரியும் என்கிற அளவுக்கு வெளுத்துவிட்டது. நான் தேய்த்திருந்தால் நூல் பிய்ந்திருக்கும்.

டிராவல்ஸ்தம்பி (திருச்சி):

2020இல் நான் பண்ணிய வேலையைச் சொல்கிறேன். ஒவ்வொரு சவாரி முடிந்ததும் சானிடைசரை ஸ்டீயரிங், கைப்பிடி, சீட் என்று எல்லாவற்றிலும் அடித்துத் துடைப்போம். பயணிகளும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் ஸ்டீயரிங் பிசுபிசுத்தது. சீட்டைத் துடைத்த வெள்ளைத் துணியில் பழுப்பு நிறம் வந்தது. அழுக்குப் போகிறது என்று சந்தோஷப்பட்டேன். போனது அழுக்கில்லை, சீட்டின் கலர். ஆல்கஹால் மேல்பூச்சையே கரைத்திருக்கிறது. டிரைவர் சீட்டின் ஓரம் மீன் செதில் மாதிரி உரிந்து வந்ததும்தான் நிறுத்தினேன்.

பேனா மை கறைக்கும் சிலர் இதையே சொல்வார்கள், நெயில் பாலிஷ் ரிமூவர் என்றுகூடச் சொல்வார்கள். மை போகும், கூடவே கலரும் போகும். மைக்கறையோடு வண்டி ஓட்டுவதே மேல்.

தோல்வாசனை (ஆம்பூர்):

கோவைத் தம்பி, நான் தோல் பதப்படுத்தும் டேனரியில் பினிஷிங் பகுதியில் 22 வருடம் இருந்தவன். உங்கள் தாத்தா செய்தது சரி. நீங்கள் செய்ததுதான் தப்பு. இரண்டும் தோல்தான், ஆனால் ஒரே தோல் இல்லை.

அந்தக் காலத்துச் செருப்புத் தோல் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்தியது. மேலே பூச்சு கிடையாது. எண்ணெய் விட்டால் குடிக்கும், குடித்து இளகும். கார் சீட்டுக்கு வருவது பெரும்பாலும் குரோம் உப்பில் பதப்படுத்திய மாட்டுத்தோல். ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே தடிமன் இருக்கும். அதற்கு வேண்டிய எண்ணெயை டிரம்மில் சுற்றும்போதே தண்ணீரோடு கலந்து உள்ளே ஏற்றிவிடுவோம். அப்புறம் நிறப் பூச்சு, அதற்கு மேல் பாலியூரித்தேன் பூச்சு. நீங்கள் தொடுவது அந்தக் கடைசிப் பூச்சைத்தான், தோலை இல்லை. பெயிண்ட் அடித்த கதவில் எண்ணெய் தேய்த்தால் மரத்துக்கா போகும்?

சந்தேகம் இருந்தால் சீட்டின் மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து மாதிரி நின்றால் பூச்சு இருக்கிறது. உறிஞ்சி அந்த இடம் கறுத்தால் பூச்சில்லாத தோல். அது ரொம்ப விலை உயர்ந்த வண்டிகளில்தான் வரும், அதில் கை வைக்காதீர்கள். இன்னொன்றும் பாருங்கள். லெதர் சீட் என்று விற்கிற நிறைய வண்டிகளில் நாம் உட்காரும் பகுதி மட்டும்தான் தோல், பக்கவாட்டும் பின்புறமும் ரெக்சின். முழுக்கவே செயற்கைத் தோலாக இருப்பதும் உண்டு. அதற்கு எண்ணெய் போடுவது முழு வெட்டி வேலை.

சோப்பு விஷயத்துக்கு வருகிறேன். பதப்படுத்திய தோல் புளிப்புப் பக்கம் இருக்கும், பிஹெச் 4 வாக்கில். பிஹெச் என்பது புளிப்பு, காரத்தின் அளவு, 7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம். துணி சோப்பு 9, 10. சமையல் சோடா 8க்கு மேல். ஒரு தடவை பட்டால் ஒன்றும் ஆகாது, பூச்சு தாங்கும். மாதா மாதம் போட்டால் பூச்சு மங்கும். விரிசல் இருக்கிற இடத்தில் உள்ளே இறங்கித் தோலையும் விறைக்க வைக்கும். பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்லும் வீடியோ ஒன்றைப் பேரன் காட்டினான். பற்பசையில் இருப்பது நைசான சுண்ணாம்புத் தூள் மாதிரியான பொருள். உப்புத்தாளை வைத்துத் தேய்த்துவிட்டு வெள்ளையாகிவிட்டது என்று சொல்வதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எங்கள் வீட்டு வண்டிக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் வேக்குவம் போட்டு மண்ணை எடுக்க வேண்டும். மண்ணோடு தேய்ப்பதுதான் சீட்டைக் கொல்கிறது. அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தைக்குப் போடும் ஷாம்பு ஒரு டீஸ்பூன். கலக்கி, நுரையை மட்டும் மைக்ரோபைபர் துணியில் எடுத்து ஒரு முழம் ஒரு முழமாகத் துடைப்பேன். தையலுக்கு மெத்தென்ற பழைய டூத்பிரஷ். உடனே இன்னொரு ஈரத்துணியால் நுரையை எடுத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, கதவைத் திறந்து நிழலில் அரை மணி நேரம். சீட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது. ஓட்டை வழியாக ஸ்பாஞ்சுக்குள் போனால் வாடை போக மாதமாகும். சீட்டுக்கு அடியில் ஏர்பேக் வயரும் ஓடும்.

உங்கள் எண்ணெய்க்கும் இதே ஷாம்புதான். ஒரே நாளில் போகாது, நாலு ஐந்து தடவை பொறுமையாக. வெயிலில் கொஞ்சம் நின்ற வண்டியாக இருந்தால் எண்ணெய் இளகி வரும். எண்ணெய்க் கறைக்குச் சோளமாவு, பவுடர் தூவச் சொல்வார்கள். ஓட்டை போட்ட சீட்டில் அதைத் தூவிவிட்டால் அடுத்த பதிவு நீங்கள் மாவைப் பற்றிப் போட வேண்டியிருக்கும்.

கண்டிஷனர் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். பூச்சுப் போட்ட சீட்டில் அதுவும் பெரிதாக உள்ளே போகாது. மேல்பூச்சு வறண்டு கீச்சுச் சத்தம் போடாமல் வைக்கும், துணி உரசல் குறையும். தண்ணீரில் கரையும் வகையாக ஒன்று வாங்கி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மெல்லியதாகப் போட்டால் போதும். அதற்கு ஈடாக அடுப்படியில் ஒன்றும் இல்லை.

மழைக்குப்பின் (சென்னை):

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். வண்டிக்குள் கால் வைக்கும் இடம் வரைதான் ஏறியது, சீட் நனையவில்லை. தப்பித்தோம் என்று பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் கறுப்புச் சீட் சாம்பல் பூசிக்கொண்டு சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தது. இது நிஜப் பூஞ்சை.

வெள்ளை வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, துணியில் தொட்டுத் துடைத்தேன். அப்புறம் வெறும் ஈரத்துணி, அப்புறம் காய்ந்த துணி. போனது. பத்தே நாளில் திரும்பி வந்தது. இரண்டாவது தடவைதான் புத்தி வந்து கால்மிதி மேட்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் இருந்த ஸ்பாஞ்ச் இன்னும் சொதசொதவென்று இருந்தது. கார்பெட்டைக் கழற்றி மொட்டை மாடியில் இரண்டு நாள் காயப்போட்டேன். மெக்கானிக்கை வரவழைத்துச் சீட்டடி வயர்களையும் பார்க்கச் சொன்னேன். அதற்கப்புறம் பூஞ்சை இல்லை. வினிகர் வாடை மட்டும் ஒரு வாரம் இருந்தது, ஊறுகாய் ஜாடிக்குள் உட்கார்ந்து ஆபீஸ் போன மாதிரி.

பாலைவண்டி (குவைத்):

நான் இங்கே ஒரு வீட்டில் டிரைவர். கோடையில் வெளியே 50 டிகிரி வரும், பூட்டி நிறுத்திய வண்டிக்குள் கையை வைக்க முடியாது. முதலாளியின் இரண்டு வண்டிகளிலும் லெதர் சீட். ஆறு வருடமாக நான் போடுவது தினமும் ஒரு ஈரத்துணி, கண்ணாடிக்கு மறைப்பு, அவ்வளவே. அத்தர் பாட்டில் கவிழ்ந்தால் மட்டும் ஓடிப்போய் ஒற்றி எடுப்பேன், அதிலும் சிலதில் ஆல்கஹால் இருக்கும். பேரீச்சம்பழப் பிசுக்குக்கு வெதுவெதுப்பான தண்ணீரே போதும். பக்கத்து வீட்டு டிரைவர் ஆலிவ் எண்ணெய் தேய்ப்பார். பளபளப்பாக இருக்கும். தூசிக்காற்று அடித்த மறுநாள் பார்த்தால் சீட்டில் சப்பாத்திக்கு மாவு தூவிய மாதிரி இருக்கும்.

நாலுசக்கரம் (கோவை):

எல்லோருக்கும் நன்றி. ஆம்பூர் ஐயா சொன்ன தண்ணீர்ச் சோதனையைப் பண்ணினேன். சொட்டு முத்து மாதிரி நின்றது. பக்கவாட்டில் விட்டுப் பார்த்தேன், அங்கேயும் நின்றது. சந்தேகப்பட்டுச் சீட்டின் அடி ஓரத்தைப் புரட்டிப் பார்த்தால் பக்கவாட்டுக்குப் பின்னால் துணி நெசவு தெரிகிறது. ரெக்சின். ஆக, கால் லிட்டரில் பாதியை நான் பிளாஸ்டிக்குக்குத் தேய்த்திருக்கிறேன்.

ஷாம்பு நுரை ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆனது. முதல் ஞாயிறு துடைத்த துணியைக் கழுவவே முடியவில்லை, தூக்கிப் போட்டேன். மூன்றாவதில் வாடை குறைந்தது. ஓட்டைகளில் இருந்ததைத்தான் எடுக்கப் பெரும்பாடு. பிரஷை நிமிர்த்திப் பிடித்துக் குத்தினால் எண்ணெய் உள்ளேதான் போகிறது. காய்ந்த துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருகிறது. இதை யாரும் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தது. டிரைவர் சீட் ஓரத்து வெளிறல் அப்படியேதான் இருக்கிறது. ஏறி இறங்கும்போது பேண்ட் உரசி மேல்பூச்சு தேய்ந்த இடமாம் அது, அதற்குக் கலர் அடிப்பவரிடம்தான் போக வேண்டும் என்று ஐயா தனியாகச் சொன்னார். அடுத்த மாதம் பார்க்கலாம்.

மாமனார் போன வாரம் வந்தார். சீட் சுத்தமாகிவிட்டது, துண்டு வேண்டாம் என்று சொன்னேன். தலையாட்டினார், துண்டை விரித்தார், உட்கார்ந்தார். பீளமேடு சிக்னல் தாண்டும்போது அந்தத் துண்டின் மேல் ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது.