கடல் உயிருங்கள கெடாம வைக்க பாட்டில்ல போடறதுக்குள்ள அதுங்க பண்ணுன வேலை, உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

மோல்மீன்பையன்:
பர்மாவுல மெர்கி தீவுப் பக்கம் கடல் வத்துன நேரத்துல கல்லப் புரட்டி எடுத்த கடல் அட்டை, கருப்பா நீளமா இருக்கும்ல, அதுதான். கூட வந்த சீனியர் நேரமாச்சு நேரமாச்சுன்னு உயிரோடயே ஸ்பிரிட், அதான் ஆல்கஹால், ஊத்துன ட்ரேயில போட்டாரு. ஒரு இறுக்கு இறுக்கி பின்பக்கமா வெள்ளை நூல் நூலா பீய்ச்சுச்சு பாருங்க, அவரு விரல்ல, வாட்ச்சுல, கை முடியில எல்லாம் ஒட்டிக்கிட்டு இழுக்க இழுக்க வருது, கழுவுனாலும் போகல. அப்புறம் குடலையே வெளிய தள்ளிடுச்சு. குடல் ஒரு பக்கம், தோல் சுருங்கி ஒரு பக்கம். அவரு அசராம ரெண்டையும் ஒரே பாட்டில்ல திணிச்சு மூடிட்டாரு. எனக்கு அன்னிக்கு சோறு இறங்கல.

தவோய்அக்கா:
தம்பி ஸ்பிரிட்ட குறை சொல்லாதீங்க, மயக்காம எதுல போட்டாலும் கக்கத்தான் செய்யும். மயக்கறதுக்கு மெக்னீசியம் குளோரைடுங்கற உப்ப வாங்கி லிட்டர் நல்ல தண்ணிக்கு 75 கிராம் கரைச்சு, அதே அளவு கடல் தண்ணியோட கலந்து அதுல விடுங்க, தொட்டா சுருங்காத வரைக்கும் காத்திருக்கணும், மணிக்கணக்குல ஆகும், அவசரக்காரங்களுக்கு இந்த வேலை ஆகாது. அப்புறம் ஃபார்மலின்ல, அதான் உடம்பு அழுகாம வைக்கற மருந்துத் தண்ணியில, போட்டா கிண்ணுனு நிக்கும். என் கதை சின்னது. பிரிட்டில் ஸ்டார், நட்சத்திரமீன் மாதிரி மெல்லிசா நீளமா கை இருக்குமே, அது ஒண்ண தூக்குனேன், அஞ்சு கையையும் கழட்டிப் போட்டுடுச்சு, நடு வட்டு மட்டும் என் உள்ளங்கையில, கைங்க கீழ தனித்தனியா நெளியுது.

ரங்கோன்சோழி:
என்னுது உயிர் இல்ல, சோழி. தாத்தா சேர்த்தது, பிளைவுட் பீரோவுல இருந்துச்சு, மேல வெள்ளையா மாவு பூத்திருந்துச்சு. சித்தப்பா பூஞ்சைன்னு சொல்லி வினிகர்ல துணிய நனைச்சுத் தேய்ச்சாரு, சுர்ருன்னு நுரை! பளபளப்பு மொத்தமும் போச்சு. 1899ல பைன்னு ஒருத்தர் இதப்பத்தி எழுதினாராம், அதனால பைன் நோய்னு பேரு, ஆனா நோயும் இல்ல கிருமியும் இல்ல, பலகை, அட்டைப்பெட்டியில இருந்து வர்ற ஆசிட் ஆவி ஓட்டுச் சுண்ணாம்பத் தின்னுது. ஆசிட் தின்னதுக்கு மேல வினிகர், அதுவும் ஆசிட்! தாத்தா இருந்திருந்தா சித்தப்பாவ வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டாரு.

ஜாடிமூடி:
தவோய் அக்கா சொன்னதுல பாதிதான் சரி. கடல் அட்டைய ஃபார்மலின்ல போடவே கூடாது. தோலுக்குள்ள பொடிப்பொடியா சுண்ணாம்புத் துண்டு இருக்கு, மைக்ராஸ்கோப்புல அத வெச்சுத்தான் எந்த இனம்னே சொல்லுவாங்க. ஃபார்மலின் நாள்பட புளிச்சு ஆசிட்டாகி அத கரைச்சுடும், டிஎன்ஏவும் போச்சு. 70, 80 சதவீத ஆல்கஹால்ல போடுங்க, மறுநாள் அத ஊத்திட்டு புதுசு ஊத்துங்க, ஏன்னா உடம்புத் தண்ணி எறங்கி ஆல்கஹால நீர்க்க வெச்சுடும். சொறிமீன் (ஜெல்லி ஃபிஷ்) வேற கேஸு, ஆல்கஹால்ல சுருங்கி ஒண்ணுமில்லாம போயிடும், அதுக்கு கடல் தண்ணி ஒம்பது பங்குக்கு ஃபார்மலின் ஒரு பங்கு. கலர் எதுலயும் நிக்காது, உயிரோட இருக்கறப்பவே போட்டோ எடுத்துடுங்க. லேபிள் பென்சில்ல எழுதி ஜாடிக்கு உள்ளயே போடுங்க. இத ஏன் சொல்றேன்னா, பழைய ஜாடி ஒண்ணு திறந்தேன், நட்சத்திரமீன் ஒரு கை குறையாம அவ்வளவு அருமையா இருக்கு, லேபிளும் இருக்கு, எவனோ பால்பாயிண்ட் பேனாவுல எழுதியிருக்கான், இங்க் எல்லாம் கரைஞ்சு வெத்துப் பேப்பர். எந்தத் தீவு, எந்த வருஷம், ஒண்ணும் தெரியல. எவ்வளவு நேரம் லைட்டுல காட்டிப் பார்த்தேன்னு கேக்காதீங்க.

தவோய்அக்கா:
ஃபார்மலின்ல போராக்ஸ் உப்பு போட்டா புளிக்காது தம்பி. படிச்சுட்டு பேசுங்க.

ஜாடிமூடி:
கொஞ்ச நாளைக்குப் புளிக்காதுக்கா. ஜாடி அலமாரியில நிக்கப்போறது அம்பது வருஷம்.

மோல்மீன்பையன்:
அனுபவம் கேட்டா ரெண்டு பேரும் பாடம் நடத்துறீங்க. அக்கா, இங்க கடையில மெக்னீசியம் குளோரைடு கேட்டா எப்சம் சால்ட்ட எடுத்து நீட்டுறான்.

தவோய்அக்கா:
அது மெக்னீசியம் சல்ஃபேட். அதுவும் மயக்கும், வாங்கிக்கோங்க.