ஹார்னடேயின் பைசன் பேழை: போற்றத் தக்கதா, வருந்தத் தக்கதா?

ஏட்டறை எழுதியது:

இறந்த விலங்குகளின் தோலை உயிருள்ளவை போல நிறுத்திப் பாடம் செய்யும் கலையின் முன்னோடிகளைப் பற்றிப் பேசும் இந்த இணைய இழையில் வில்லியம் டெம்பிள் ஹார்னடேயின் பெயரையே முதலில் வைக்க விரும்புகிறேன். 1854இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர், ராச்செஸ்டர் நகரில் ஹென்றி வார்டு நடத்திய பட்டறையில் தொழில் பழகி, 1882இல் வாஷிங்டன் தேசிய அருங்காட்சியகத்தின் தலைமைப் பாடக்கலைஞர் ஆனார். 1888 மார்ச்சில் அங்கே அவர் திறந்துவைத்த கண்ணாடிப் பேழை 16 அடி நீளமும் 12 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்டது. அதனுள் பெரிய எருது முதல் இளங்கன்று வரை ஆறு பைசன்கள் (அமெரிக்கக் காட்டெருதுகள்) ஒரு குட்டையருகே நின்றன. காலடியில் இருந்த புல்லும் மண்ணும் மொன்டானா சமவெளியிலிருந்தே பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. கோடிக்கணக்கில் திரிந்த அந்த இனத்தில் எஞ்சியவை 1,091 மட்டுமே என்று 1889இல் கணக்கிட்டு எழுதியவரும் அவரே. 1905இல் அமெரிக்கப் பைசன் சங்கம் தோன்றியபோது அதன் தலைவரானார். 1907இல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து 15 பைசன்களை ரயிலேற்றி ஓக்லஹோமாவின் புல்வெளிக்கு அனுப்பினார். இத்தகைய ஒருவரைக் காட்டுயிர்ப் பாதுகாப்பின் முன்னோடியாக மதிக்க என்ன தடை இருக்கிறது?

ஆனைமலை வாசகர் எழுதியது:

தடை இருக்கிறது ஐயா. அந்தப் பேழையில் நின்றவற்றில் பெரும்பாலானவற்றை அவருடைய பயணக்குழுவே சுட்டது என்பதை நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். 1886இல் மொன்டானாவுக்கு இருமுறை சென்று, இனம் அழிந்துகொண்டிருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தபின்னும், அவர்கள் இருபதுக்கும் மேற்பட்ட பைசன்களைக் கொன்றார்கள். அதற்கு முன் 1870களின் பிற்பகுதியில் இந்தியாவிலும் இலங்கையிலும் போர்னியோவிலும் வார்டின் பட்டறைக்காக வேட்டையாடியவர் அவர். போர்னியோவிலிருந்து மட்டும் 40க்கும் மேற்பட்ட ஒராங்குட்டான்களைத் தோலாகவும் எலும்பாகவும் கொண்டுபோனார். 1877இல் எங்கள் ஆனைமலைக்கும் வந்தார். தடம் பார்த்து வழிகாட்டியவர்கள் இம்மலையின் பழங்குடிகளான மலசரும் காடரும். காட்சிக்கூடத்தின் பெயர்ப்பலகையில் இடம்பெற்றதோ துப்பாக்கியைப் பிடித்தவரின் பெயர்.

இவற்றையெல்லாம் அந்தக் காலத்து வழக்கம் என்று நீங்கள் சொல்லக்கூடும். 1906 செப்டம்பரில் நடந்ததற்கு என்ன சொல்வீர்கள்? அப்போது பிராங்ஸ் காட்சிச்சாலையின் இயக்குநராக இருந்த ஹார்னடே, காங்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓட்டா பெங்கா என்ற இளைஞரைக் குரங்குகளின் கட்டடத்தில், ஓர் ஒராங்குட்டானுடன் கூண்டில் காட்சிப்படுத்த இடங்கொடுத்தார். அவருடைய உயரமும் எடையும் எழுதிய பலகை வெளியே தொங்கியது. கறுப்பினப் போதகர்கள் உடனே எதிர்ப்புத் தெரிவித்தார்கள் என்பதால், அந்தக் காலத்தில் எவருக்கும் இது தவறாகத் தோன்றவில்லை என்று சொல்லவும் வழியில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1916இல், ஓட்டா பெங்கா தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அந்தக் காட்சிச்சாலையை நடத்தும் அமைப்பு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2020இல்தான்.

பாடப்பட்டறை எழுதியது:

முப்பதாண்டுகள் தோலோடும் களிமண்ணோடும் வாழ்ந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் தொழிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கன்று இறந்தால் அதன் தோலில் வைக்கோலை அடைத்துத் தாய்ப்பசுவின் முன் நிறுத்திப் பால் கறப்பதை நம் ஊர்களில் பலர் பார்த்திருப்பார்கள். ஹார்னடேக்கு முன்னும் அவர் காலத்திலும் பல அருங்காட்சியகங்களில் நடந்தது ஏறக்குறைய அதுவே: தோலைத் தைத்து, கொள்ளும் மட்டும் திணித்தார்கள், விலா எலும்பு இருக்க வேண்டிய இடம் மூட்டைபோலப் புடைத்து நின்றது. அவர் மரப்பலகையையும் இரும்புக் கம்பிகளையும் கொண்டு எலும்புக்கூட்டின் அளவில் ஒரு சட்டம் கட்டி, அதன்மேல் மரச்சீவலைச் சுற்றி உடல் வடிவம் கொடுத்து, களிமண் பூசி, ஈரமான தோலை அதன்மேல் போர்த்தினார். களிமண் இளகியிருக்கும்வரை வெளியிலிருந்து விரலால் அழுத்தி, கழுத்து மடிப்பையும் தோள்தசையின் விளிம்பையும் தோலின் வழியாகவே வரைய முடியும். கை அறிந்த வேலை அது. நாள் தாழ்ந்தால் தோல் சுருங்கித் தையல் பிளந்துவிடும். அதே பட்டறையில் பின்னர் பயின்ற கார்ல் ஏக்லி, முழு உடலையும் சிற்பமாக வடித்து அச்செடுத்து, உள்ளீடற்ற இலேசான உருவின்மேல் தோலைப் பொருத்தும் முறையை வளர்த்தெடுத்தார்.

பல விலங்குகளை அவற்றின் சூழலோடு சேர்த்து நிறுத்தும் கூட்டுக்காட்சிக்காகவும் ஹார்னடே போராட வேண்டியிருந்தது. மரக்கிளைகளில் ஒராங்குட்டான்கள் சண்டையிடும் காட்சியை 1879இல் அறிவியலாளர்களின் கூட்டத்தில் வைத்துத்தான் இத்தொழிலுக்குக் கவனம் தேடினார்; மறு ஆண்டு அமெரிக்கப் பாடக்கலைஞர் சங்கம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனைமலை அன்பர் சொன்ன குற்றங்கள் எதையும் நான் மறுக்கவில்லை. அந்தக் குற்றங்களுக்காக இந்தக் கைத்திறனைச் சிறிதாக்கிப் பேசுவது உண்மையாகாது என்பதே என் கருத்து.

ஏட்டறை எழுதியது:

ஓட்டா பெங்காவைப் பற்றி நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். விட்டது என் பிழை. அந்தச் செயலுக்கு நான் எந்தச் சமாதானமும் தேடப்போவதில்லை. பைசன் வேட்டையில் மட்டும் உங்களுடன் மாறுபடுகிறேன். அருங்காட்சியகத்தில் அப்போது தரமான பைசன் தோல் ஒன்றுகூட இல்லை. எஞ்சியவற்றையும் தோல் வேட்டைக்காரர்கள் ஓரிரு ஆண்டுகளில் முடித்துவிடுவார்கள் என்று அவர் நம்பினார். முதற்பயணத்தில் உயிருடன் பிடித்த கன்று ஒன்றை வாஷிங்டனுக்குக் கொண்டுவந்து அருங்காட்சியகப் புல்தரையில் கட்டி வளர்த்தார். அது ஜூலையில் இறந்தது. பேழையில் நின்ற கன்று அதுதான். அடுத்த ஆண்டே உயிருள்ள விலங்குகளுக்கென அங்கே ஒரு பிரிவு தொடங்கப்பட்டு, 1889இல் தேசிய விலங்குக் காட்சிச்சாலையாக வளர்ந்தது. கொன்றவர் காக்கத் திரும்பிய இடமாக அந்தக் கன்றையே நான் கருதுகிறேன்.

1957இல் பேழையைப் பிரித்தபோது அடித்தளத்தில் அவர் மறைத்து வைத்திருந்த கடிதம் கிடைத்தது. தமக்குப்பின் வரப்போகும் பாடக்கலைஞரை விளித்து, தாம் மண்ணாகிப் போனபின் இவற்றை அழியவிடாமல் காக்கும்படி வேண்டியிருந்தார். உங்கள் காலத்து வேலையோடு ஒப்பிட்டால் இவை செப்பமற்றவை என்றும் ஒத்துக்கொண்டிருந்தார். தற்பெருமைக்காரர் எழுதும் கடிதமாக அது எனக்குப் படவில்லை.

ஆனைமலை வாசகர் எழுதியது:

கடிதத்தின் பணிவை நானும் மதிக்கிறேன். ஆனால் யாரிடம் பணிவு என்பதையும் பார்க்க வேண்டும்: தொழிலில் தமக்கு நிகரானவரிடம் காட்டிய பணிவை, எளியவர்களிடம் அவர் காட்டவில்லை. 1913இல் வெளிவந்த அவருடைய காட்டுயிர் நூல் பல நல்ல சட்டங்களுக்கு வலுச்சேர்த்தது உண்மை; அதே நூல் பாடும் பறவைகளின் அழிவுக்கு இத்தாலியக் குடியேறிகளையும் தென்மாநிலக் கறுப்பினத்தாரையும் இனம் குறித்தே குற்றஞ்சாட்டியது.

அழிந்துவிடும் என்று நம்பினார், ஆகவே சுட்டார் என்ற வாதத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. நான் விட்டாலும் இன்னொருவன் சுடுவான் என்று தோல் வணிகனும் சொன்னான். பாடம் செய்யப்பட்ட அந்த ஆறும் செப்பனிடப்பட்டு இன்று மொன்டானாவின் ஃபோர்ட் பென்டனில் நிற்கின்றன. அங்கே நிற்கும் பெரிய எருதை 1886 டிசம்பரில் வீழ்த்தித் தோலுரித்தபோது, வேறு வேறு காலங்களில் சுடப்பட்ட நான்கு பழைய குண்டுகள் உடலுக்குள் இருந்ததாக ஹார்னடேயே எழுதியிருக்கிறார். கலைஞரின் பெயருக்குப் பக்கத்தில் அந்த நான்கு குண்டுகளையும், அவற்றைத் தாங்கிப் பிழைத்த எருதை இறுதியில் சுட்டது யார் என்பதையும் பெயர்ப்பலகையில் எழுதுவார்களானால், உங்கள் பட்டியலில் அவர் பெயர் இருப்பதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.